திருக்கை முள்ளில் ஈட்டி செய்யலாமா?

கரைவலையின் மடி மணலில் வந்து விழுந்ததும் அனுபவமுள்ளவர்களின் கண் முதலில் தேடுவது பாரையையோ சூரையையோ அல்ல, திருக்கையை. அது எங்கே கிடக்கிறது, வால் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் மற்ற மீனில் கை வைப்பார்கள். ஒருவர் தலைப்பக்கத்தை மிதித்துப் பிடிக்க, மற்றவர் வாலை அடியோடு வெட்டி அப்பால் எறிவார். திருகோணமலைக் கரையில் நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எங்கும் இதே ஒழுங்குதான். எறிந்த வாலை எடுத்துப் பார்க்கும் பொடியன்களுக்கு ஒரு கேள்வி வரும்: இந்த முள்ளை ஒரு கம்பு நுனியில் கட்டினால் என்ன ஆகும்? நஞ்சு ஈட்டி ஆகாதா?

பெரியவர்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு. கல்மீன், கூம்புச் சங்கு, சொறிமுட்டை (ஜெலிமீன்), கடல்பாம்பு என்று கொட்டியாரக்குடாவிலும் புறாத்தீவுப் பக்கத்துப் பாறைகளிலும் நஞ்சுள்ள உயிர்களுக்குப் பஞ்சமில்லை. கதைகளில் இவை எல்லாம் ஆயுதமாகின்றன. நடைமுறையில் ஆகுமா?

ஆகாது. திருக்கை முள் நல்ல குத்துமுள் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள நஞ்சை நம்பி யாரும் அதை ஆயுதமாக வைத்திருக்க முடியாது. ஏன் முடியாது என்று பார்த்தால் கடல் நஞ்சு வேலை செய்யும் விதம் முழுதும் புரிந்துவிடும். அந்த விளக்கம், முள் குத்திய காலுக்கு என்ன செய்வது என்பதையும் கூடவே சொல்லிவிடும்.

தின்னும் நஞ்சும் கொட்டும் நஞ்சும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழில் இரண்டையும் நஞ்சு என்றே சொல்கிறோம். பேத்தை மீனில் இருப்பது தின்றால் கொல்லும் நஞ்சு. அதற்கு முள்ளும் பல்லும் தேவையில்லை. அது ஈரலிலும் சினையிலும் தோலிலும் சும்மா இருக்கிறது. திருக்கையிலும் கல்மீனிலும் இருப்பது வேறு வகை. அது தோலைத் துளைத்து உள்ளே போனால்தான் வேலை செய்யும். திருக்கையைச் சுண்டி எடுத்தோ கறி வைத்தோ தின்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. வரட்டலுக்கு அதைவிட நல்ல மீன் கிடையாது என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த இரண்டுக்கும் வேதியியலிலும் வித்தியாசம் இருக்கிறது. பேத்தையின் நஞ்சான டெட்ரோடொக்சின் சின்ன மூலக்கூறு. சட்டியில் எவ்வளவு கொதித்தாலும் அழியாது. பேத்தையைச் சமைத்துத் தின்றவர்கள் இறப்பது அதனால்தான். திருக்கை, கல்மீன், கெளிறு, சொறிமுட்டை ஆகியவற்றின் நஞ்சு பெரும்பாலும் புரதம். புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி. சூடு பட்டால் உருமாறும், வெயிலில் காய்ந்தால் கெடும், பற்றீரியாவுக்குத் தீனியாகும். ஒருமுறை உருமாறிய வெள்ளைக்கரு திரும்பத் தண்ணியாவதில்லை. ஆயுதம் செய்ய நினைப்பவர் தடுக்கி விழும் முதல் கல் இதுதான்.

முள்ளின் உள்ளமைப்பு

நாகபாம்பிடம் நஞ்சுப் பை உண்டு, அதிலிருந்து குழாய் உண்டு, பையை அழுத்தத் தசை உண்டு, முனையில் துளையுள்ள பல் உண்டு. ஊசியும் மருந்தும் போல ஒரு முழுத் தொகுதி. திருக்கையிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது.

திருக்கை முள் பல்லுக்கு உறவான ஒரு கடினப் பொருளால் ஆனது. இரு ஓரமும் அரம்போலப் பற்கள், எல்லாப் பல்லும் அடிப்பக்கம் பார்த்துச் சாய்ந்தவை. தூண்டில் முனையின் எதிர்முள்ளைப் போல, போகும்போது வழுக்கிப் போய் வரும்போது சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். முள்ளின் கீழ்ப்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் ஓடும். நஞ்சு சுரக்கும் மெல்லிய திசு அந்தப் பள்ளங்களில் படிந்திருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு மெல்லிய தோலுறை மூடியிருக்கும்.

கத்தியை உறையிலிருந்து உருவிக் குத்துவோம். திருக்கையோ உறையோடு சேர்த்தே குத்துகிறது. முள் உள்ளே போகும்போது தோலுறை கிழிகிறது, பள்ளத்துத் திசு நசிகிறது, நஞ்சு காயத்துக்குள் பரவுகிறது. உறையின் துண்டுகளும் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். ஆக ஒரு முள்ளின் நஞ்சில் பெரும்பகுதி முதல் குத்திலேயே செலவாகிவிடும். இரண்டாவது குத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அரம்போன்ற முள் மட்டும். திருக்கையின் வாலில் புது முள் முளைக்கும். கம்பில் கட்டிய முள்ளில் புது உறை முளைக்காது.

வெட்டி எடுத்த வாலில் உறை எவ்வளவு காலம் நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். மணலில் இழுபட்டாலே அது உரியத் தொடங்கும். பங்குனி வெயிலில் ஒரு பகல் கிடந்தால் சுருங்கி வெடித்துவிடும். ஈரமாக வைத்தால் அழுகும். கடற்கரையில் பொறுக்கும் காய்ந்த வெள்ளை முள்ளில் உறையே இருப்பதில்லை. அதை வைத்து ‘நஞ்சு ஈட்டி’ செய்தவர் செய்தது வெறும் எலும்பு ஈட்டிதான்.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆயுதத்துக்கு உதவாது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. செத்த திருக்கையும் ஐஸில் கிடந்த கல்மீனும் மணிக்கணக்காகக் கழிந்த பின்னும் கொட்டும். திருக்கை முள் உடம்பின் அசைவால் வேலை செய்வதில்லை, உறை கிழிந்தாலே போதும். மீன் சந்தையில் கெளிறு வெட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘இன்றைக்கு வலுவாகக் குத்தலாம், நாளைக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம்’ என்ற பொருள் கையில் வைத்திருப்பவருக்கு ஆபத்து, ஆயுதமாக நம்புபவருக்கு ஏமாற்றம்.

சண்டை முடிந்த பிறகு வரும் வலி

இன்னொரு பெரிய குறை நேரம். திருக்கை குத்தியதும் வலி உடனே தொடங்கும். ஆனால் அது உச்சத்துக்குப் போவது 30 முதல் 90 நிமிடத்தில். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாள் வரைக்கும் நீளும். எதிரில் நிற்பவரை இந்த நொடியில் தடுத்து நிறுத்துவதற்குத்தான் ஆயுதம். ஒரு மணி நேரம் கழித்து அவர் வீட்டில் உட்கார்ந்து துடிப்பதால் சண்டையில் ஒரு பயனும் இல்லை. உலகத்தில் நஞ்சு தோய்த்த அம்பு பயன்பட்ட இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் வேட்டைக்குத்தான். மிருகத்தை எய்துவிட்டு மணிக்கணக்காகப் பின்னால் போகப் பொறுமை உள்ளவருக்கு அது சரி.

இயற்கையின் கணக்கும் இதையே சொல்கிறது. திருக்கை, கல்மீன், கெளிறு மூன்றும் நஞ்சை இரை பிடிக்கப் பயன்படுத்துவதில்லை. திருக்கை மணலைக் கிளறி நண்டும் சிப்பியும் தின்னும்; கல்மீன் வாயைத் திறந்து இரையை உறிஞ்சும். அவற்றின் முள் தற்காப்புக்கு மட்டும். தற்காப்பு நஞ்சின் வேலை, கடித்த சுறாவையும் மிதித்த காலையும் ‘இனிமேல் இந்தப் பக்கம் வராதே’ என்று விரட்டுவது. அதனால் அது வலியைத் தருவதில் கெட்டிக்காரன், ஆளைச் சாய்ப்பதில் அல்ல. இரை பிடிக்க நஞ்சு வைத்திருக்கும் கூம்புச் சங்கின் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

அளவும் சரிவராது. எந்த முள்ளில் எவ்வளவு திசு இருக்கிறது, முன்பு எதையாவது குத்தி உறை கிழிந்திருக்கிறதா, குத்து எவ்வளவு ஆழம் போகும், இடையில் சாரமோ காற்சட்டையோ எவ்வளவை உறிஞ்சும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அப்படியானால் திருக்கை முள்ளால் ஆள் சாவதே இல்லையா? சாவதுண்டு, ஆனால் பெரும்பாலும் நஞ்சினால் அல்ல. அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4ஆம் திகதி படப்பிடிப்பின்போது இறந்தார். முள் அவருடைய நெஞ்சுக்குள் போயிருந்தது. அந்த ஆழத்தில் ஒரு சமையல் கத்தி போயிருந்தாலும் முடிவு அதுதான். நெஞ்சு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் ஏறிய முள் உயிர்க்காயம். காலில் ஏறியது பெரும்பாலும் வலிக்காயம்.

பழைய உலகில் முள்ளை எதற்கு எடுத்தார்கள்

பசிபிக் தீவுகளிலும் மலாய்த் தீவுக்கூட்டத்திலும் அமெரிக்கக் கண்டத்தின் சில கரைகளிலும் திருக்கை முள் ஈட்டி முனையாகவும் அம்பு முனையாகவும் பயன்பட்டிருக்கிறது. இரும்பு கிடைக்காத கரைகளில் இதைவிட நல்ல முனை எது? கூர் இருக்கிறது, எதிர்ப்பல் இருக்கிறது, இழைக்க வேண்டியதில்லை. உள்ளே போனால் எளிதில் வராது, இழுத்தால் உடைந்து தங்கும். நஞ்சு போன பிறகும் இந்தக் குணங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களோ சடங்குகளில் தங்கள் உடம்பையே குத்தி இரத்தம் எடுக்க இந்த முள்ளைப் பயன்படுத்தினார்கள். கிரேக்கப் பழங்கதை ஒன்றில் ஒடிசியஸ், தன் மகன் எறிந்த திருக்கைமுள் ஈட்டியால் சாகிறான். கதைக்கு அது அழகு.

நம் பக்கத்தில் முள்ளைவிட வாலுக்குத்தான் பேர். திருக்கை வால் சவுக்கைப் பற்றிய பயம் இன்னும் பழைய ஆட்களின் பேச்சில் இருக்கிறது. ‘திருக்கை வாலால் அடித்த புண் ஆறாது, நஞ்சு’ என்பார்கள். ஆனால் சவுக்குச் செய்யும்போது முள்ளைத்தான் முதலில் அறுத்து எறிகிறார்கள். வால் தோலில் நஞ்சில்லை. அதில் இருப்பது சொரசொரப்பு: சில இனங்களின் தோலில் பல்லைப் போன்ற நுண்ணிய கடினச் செதில்கள் பதிந்திருக்கும். அடி விழும்போது அவை தோலைச் சீவிக்கொண்டு போகும். அழுக்கு ஏறிய சீவல் காயம் எதுவும் ஆற நாளெடுக்கும். சவுக்கின் கொடுமைக்கு அதுவே காரணம், நஞ்சு அல்ல.

கல்மீன்: மிதிப்பவரின் எடைதான் விசை

முதுகில் 13 முள். ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் ஒவ்வொரு நஞ்சுப் பை. மேலே தடித்த, பருக்களான தோல். பாசி படிந்த கல்லைப்போலச் சும்மா கிடக்கும். பவளமும் கல்லும் உடைந்து கிடக்கும் ஆழமற்ற இடத்தில் பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது.

கல்மீன் யாரையும் துரத்திக் குத்துவதில்லை. முள்ளை விறைப்பாக நிமிர்த்தி வைத்திருப்பது மட்டும்தான் அதன் பங்கு. மிச்ச வேலையை மிதிப்பவரின் கால் செய்கிறது. கால் அழுத்தும்போது முள்ளை மூடிய தோல் கீழே தள்ளப்படுகிறது, பைகள் நசுங்குகின்றன, நஞ்சு முள்ளின் பள்ளம் வழியாக மேலேறிக் காயத்துக்குள் பீச்சுகிறது. அமுக்கிய பற்பசைக் குழாய் மாதிரி. விசை முழுவதும் மிதித்தவருடையதே. இதில் இருந்து ஒரு முள்ளை மட்டும் பிடுங்கி எடுத்தால் பை கிழிந்து நஞ்சு வெளியே ஒழுகிவிடும், முள் வெறும் முள்ளாகிவிடும். பிடுங்கும் முயற்சியில் எடுப்பவர் கையில் ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கல்மீன் நஞ்சு திருக்கையுடையதைவிடப் பல மடங்கு கொடியது. வலி தாங்க முடியாதது, கால் முழுக்க வீங்கும், மயக்கமும் இதயக் கோளாறும் வரலாம். அவுஸ்திரேலியாவில் 1959 முதல் இதற்கென்று நஞ்சுமுறிவு மருந்து இருக்கிறது. இறப்பர் செருப்பை இந்த முள் துளைத்துவிடும். தடித்த அடியுள்ள பாதணி ஓரளவுக்குத்தான் காக்கும். பாறைப் பக்கம் நடப்பதைவிட நீந்துவது நல்லது. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே பவளத்தின் மேல் நடக்கக் கூடாது என்பது பவளத்துக்காகச் சொல்லப்பட்ட விதி, உங்கள் குதிகாலுக்கும் அதுதான் காப்பு.

கூம்புச் சங்கும் சொறிமுட்டையும்

கூம்புச் சங்கு மேலே சொன்ன கணக்கை உடைப்பது. இது வேட்டைக்காரன், ஆனால் நத்தை. நத்தை வேகத்தில் ஓடி மீனைப் பிடிக்க முடியாது. குத்திய மீன் நீந்தித் தப்பிவிட்டால் வேட்டை வீண். அதனால் இதன் நஞ்சு மீனை நொடிகளில் முடக்கும்படி அமைந்திருக்கிறது. உள்ளே துளையுள்ள, எதிர்முள் வைத்த ஒரு சின்னப் பல்லை நஞ்சு நிரப்பி ஈட்டியாகப் பாய்ச்சும். ஒவ்வொரு பல்லும் ஒரு தடவைக்கு. பெரிய மீனுண்ணி இனமொன்று மனிதரைக் கொன்ற சம்பவங்கள் பதிவில் உண்டு.

கேட்கும்போது ஆயுதத்துக்கு ஏற்றது போலத் தோன்றும். ஆனால் அந்த ஈட்டியை எய்வது உயிரோடிருக்கும் நத்தை. நத்தை செத்தால் ஈட்டியும் செத்தது. உயிரோடு எடுத்துப் போனால் அது யாரைக் குத்தும் என்பதை அதுதான் முடிவு செய்யும். இதுவரை குத்துப்பட்டவர்களில் பெரும்பாலோர் அழகான சங்கு என்று கையில் எடுத்தவர்களும் சட்டைப் பையில் போட்டவர்களும்தான். குறுகிய நுனியைப் பிடித்தால் ஆபத்து, அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு, பல்லைப் பாய்ச்சும் அதன் தும்பிக்கை ஓட்டின் பெரும்பகுதியைச் சுற்றி வளைந்து எட்டும்.

இந்த நஞ்சை உருப்படியாகப் பயன்படுத்தியது மருத்துவம். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேராவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து பிரித்தறிந்த பொருளிலிருந்து ஸிகோனொடைட் என்ற வலிமருந்து வந்தது. அமெரிக்கா 2004இல் அதை அனுமதித்தது. அதைக்கூட முதுகுத்தண்டு நீருக்குள் பம்பு வைத்துத்தான் ஏற்ற முடியும், விழுங்கினால் பயனில்லை. சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நஞ்சில் முக்கால்வாசி வேலை.

சொறிமுட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் இழைகளில் கோடிக்கணக்கான கொட்டு உயிரணுக்கள், ஒவ்வொன்றும் நாணேற்றி வைத்த எலிப்பொறி. சொறிமுட்டைக்கு உறவான ஹைட்ரா என்ற சிறு உயிரியில் அளந்து பார்த்தபோது அந்தப் பொறி வெடிக்க எடுத்த நேரம் 700 நானோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. வெடித்த பொறியைத் திரும்ப நாணேற்ற முடியாது. கையால் தொட்டால், துணியால் வழித்தால், நல்ல தண்ணி பட்டால் வெடித்துவிடும். எடுக்கும்போதே பாதி போய்விடும் ஒன்றை எங்கே சேர்த்து வைப்பது? ஆனால் கரையொதுங்கிக் காய்ந்த துண்டிலும் வெடிக்காத பொறிகள் மிஞ்சியிருக்கும். வலை உதறும்போது கண்ணில் தெறிப்பதும் அதுதான். வலை கழுவுபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கடல்பாம்பிடம் நாகத்தைப் போன்ற முழுத் தொகுதி இருக்கிறது, ஆனால் பல் மிகச் சின்னது, விடும் நஞ்சும் சில மில்லிகிராம்தான். பல கடிகளில் நஞ்சே இறங்குவதில்லை. இறங்கினால் மட்டும் கடுமை. கடித்த இடம் வலிக்காது, வீங்காது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை நோகும், தாடை இறுகும், சிறுநீர் கறுத்துப் போகும். வலிக்கவில்லையே என்று வீட்டுக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இலங்கை வைத்தியசாலைகளில் வழமையாக இருக்கும் இந்தியப் பாம்புநஞ்சு முறிமருந்து நாகம், விரியன் உட்பட நான்கு தரைப் பாம்புகளுக்கானது, கடல்பாம்புக்கு அல்ல. எனவே கடித்தது கடல்பாம்பு என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கடிபட்ட கையை அசைக்காமல் அகலத் துணியால் சுற்றி, கம்பு வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும்.

ஆயுதத்தைக் கெடுக்கும் சூடு காலைக் காக்கும்

புரதம் சூட்டில் உருமாறும் என்று முன்னால் சொன்னோம். திருக்கை, கல்மீன், சிங்கமீன், கெளிறு குத்தியவருக்கு முதல் மருந்து இதனாலேயே சுடுதண்ணி. நஞ்சு உடைவது விளக்கத்தின் ஒரு பாதி. சூடு வலி நரம்புகளின் செய்தியையும் மாற்றுகிறது என்பது மறு பாதி. எப்படியோ, வலி குறைகிறது.

சூடு 45 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெப்பமானி யாரிடம் இருக்கிறது? கலவைக் கணக்கு போதும். நம் ஊர்ப் பச்சைத் தண்ணி ஏறக்குறைய 30 பாகை. கொதித்து இறக்கிய தண்ணி 1 பங்குக்குப் பச்சைத் தண்ணி 4 பங்கு கலந்தால் 44 பாகை வரும். வள்ளத்தில் கொண்டுபோன சுடுதண்ணிப் போத்தலில் இருப்பது சில மணி நேரம் கழிந்து 80 பாகைக்கு இறங்கியிருந்தால் 1 பங்குக்கு 3 பங்கு. 42, 43 வரும். பிறகு குத்துப்படாத காலையோ உதவிக்கு நிற்பவரின் முழங்கையையோ அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். நல்ல சூடு, ஆனால் வைத்திருக்க முடிகிறது என்றால் சரி. குத்துப்பட்ட காலை வைத்துச் சோதிக்கக் கூடாது. துடிக்கும் கால் சூட்டை உணராது, வெந்துபோகும். திருக்கை குத்தி வந்தவர் சுட்ட காயத்தோடும் வைத்தியசாலையில் படுப்பது இந்த ஒரு படியைத் தாண்டியதால்தான்.

காலை 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வாளி பத்து நிமிடத்தில் ஆறத் தொடங்கும். அப்போது காலை வெளியே எடுத்து, கொஞ்சம் தண்ணியை ஊற்றிவிட்டு, சுடுதண்ணி சேர்த்துக் கலக்கி, மறுபடி சோதித்து, பிறகு காலை வைக்க வேண்டும். கால் உள்ளே இருக்கும்போதே மேலே கொதிதண்ணி ஊற்றுவது அடிக்கடி நடக்கும் பிழை. எடுத்ததும் வலி திரும்பினால் மறுபடி வைக்கலாம்.

வாளியில் வைக்கு முன் காயத்தைக் கடல் தண்ணியாலாவது கழுவி மணலையும், கண்ணுக்குத் தெரியும் தோலுறைத் துண்டுகளையும் அகற்றுங்கள். பாதத்தில் மேலோட்டமாக நிற்கும் முள்ளைக் குறடால் எடுக்கலாம். ஆழமாக ஏறியிருந்தால் விடுங்கள். நெஞ்சு, வயிறு, கழுத்து, தொடையிடுக்கு என்றால் தொடவே கூடாது. அந்த முள்ளே சில வேளை இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அசையாமல் துணியால் அணைத்து 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் அனுப்புங்கள். அவர்களுக்குச் சுடுதண்ணி வைத்தியம் பார்த்து நேரம் கடத்த வேண்டாம்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சிறுநீர் எதுவும் வேண்டாம். வலி போன பிறகும் வைத்தியசாலைக்குப் போக இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உள்ளே தங்கிய முள் துண்டு எக்ஸ்-றேயில்தான் தெரியும். தோலுறை அதிலும் சரியாகத் தெரியாது, வாரக் கணக்கில் சீழ் வடிவது அதனால்தான். மற்றது, ஏற்புவலி ஊசியும் கடல் நீர்ப் பற்றீரியாவும். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவருக்குச் சின்னக் குத்தும் இரண்டு நாளில் காலை இழக்கும் நிலைக்குப் போகலாம். வீக்கம் மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்துக் கொப்புளித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சொறிமுட்டைக்கு முறை கொஞ்சம் வேறு. கடல் தண்ணியால் மட்டும் கழுவ வேண்டும், குழாய்த் தண்ணி வேண்டாம். மணல் போட்டுத் தேய்த்தால் வெடிக்காத பொறிகளும் வெடிக்கும். ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் தூக்கி எடுங்கள். பெட்டி போன்ற உடலும் மூலைகளில் இழையும் கொண்ட வகை என்று தெரிந்தால் வினாகிரியை அரை நிமிடம் ஊற்றலாம், அது பொறிகளைப் பூட்டிவிடும். நீல நிறக் காற்றுப் பையோடு மிதக்கும் வகைக்கு வினாகிரி வேண்டாம். பிறகு இதற்கும் சுடுதண்ணி. மூச்சு முட்டினாலோ ஆள் சோர்ந்தாலோ உடனே அம்புலன்ஸ்.

கூம்புச் சங்கு, நீல வளையப் பேய்க்கணவாய், பேத்தை மூன்றுக்கும் சுடுதண்ணியை நம்ப வேண்டாம். அவை முடக்கும் நஞ்சு. உதடு மரத்து, பேச்சுக் குழறி, கண் இமை தொங்கும். பிறகு மூச்சுத் தசை நிற்கும். நினைவு இருக்கும், அசைய முடியாது. வைத்தியசாலை சேரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் உயிர் காக்கும் ஒரே வேலை.

கரையில் கால் வைக்கும் முறை

திருக்கை மணலுக்குள் தட்டையாகப் புதைந்து கிடக்கும். முதுகில் கால் அழுந்தினால் வால் மேலே வளைந்து கணுக்காலில் ஏறும். எனவே ஆழமற்ற கலங்கல் தண்ணியில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டு நடக்க வேண்டும். விரல் அதன் ஓரத்தில் இடிக்கும், அது விலகிப் போய்விடும். மகாவலி வந்து விழும் குடாப் பக்கம் தண்ணி கலங்கியிருக்கும் நாட்களில் இதை மறக்கக் கூடாது.

கெளிறு சமைப்பவர்களுக்கு: முள் மூன்று. முதுகில் ஒன்று, இரு பக்கச் செட்டையிலும் ஒவ்வொன்று. மீன் பயந்தால் மூன்றும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும், செத்த பிறகும் பூட்டு அப்படியே நிற்கலாம். கையால் மடக்கப் பார்க்காமல் குறடால் அடியில் பிடித்து முறித்துவிட்டுத்தான் உரிக்க வேண்டும். இறப்பர் கையுறை வழுக்கலுக்கு உதவும், முள்ளுக்கு உதவாது.

கரையில் வெட்டி எறிந்த வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணலில் அரைகுறையாகப் புதைந்த முள் அடுத்த நாள் வெறுங்காலோடு வரும் பிள்ளையின் காலுக்குத்தான். வாலை வெட்டியதும் முள்ளைக் குறடால் அடியோடு முறித்து, மூடியுள்ள போத்தலில் போட்டு, போத்தலோடு குப்பைக்கு அனுப்புங்கள். முள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், முறித்த இடத்துக்குப் பின்னால் இன்னொன்று படுத்திருக்கிறதா என்று வாலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.